கொயினாவும் குழாயும்: அந்தமானில் மருந்தூட்டிய வரலாறு

செல்லுலார் சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஆறு சிலைகள் நிற்கின்றன. மாலைவேளைகளில் நம் குடும்பத்தார் பலரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று கடற்காற்று வாங்குவதுண்டு. குழந்தைகள் சிலைகளைச் சுற்றி ஓடியாடுவர். பெரியவர்கள் ஓரமாக அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். சிலைகளின் பெயர்களை நின்று படிப்பவர் மிகச் சிலரே. அந்த அறுவருள் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவரும் தூக்கிலே மாண்டவர் அல்லர். குண்டடிபட்டு வீழ்ந்தவரும் அல்லர். அவர்களைக் கொன்றது பால். உயிரைக் காப்பதற்கென்று சொல்லி, மூக்கின் வழியே இரப்பர்க் குழாயைச் செலுத்தி ஊற்றிய பால்.

பால் எவ்வாறு கொல்லும் என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அரசியல் வரலாற்றில் இம்மூவரின் பெயரும் தியாகிகள் வரிசையில் உள்ளது, அதில் ஐயமில்லை. ஆயின் இவர்கள் மாண்ட விதம் மருத்துவ வரலாற்றையும், சிறப்பாகச் செவிலியர் தொழிலின் வரலாற்றையும் சேர்ந்தது. நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்பது பாதி. எவ்வழியில், எவ்வளவு, எப்பொழுது, யாருடைய கண்பார்வையில் கொடுப்பது என்பது மறுபாதி. இம்மறுபாதியை மறந்ததனால் விளைந்த கேடுகளை இத்தீவுகளைப் போல் அனுபவித்த இடங்கள் பல இரா.

இங்கே வந்தேறியவரை முதலில் எதிர்கொண்டது காய்ச்சல். 1789-ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி தென் அந்தமானில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். மூன்றாண்டு கழித்து அதனை வடக்கே மாற்றினார்கள். அங்கே நோயும் சாவும் மிகுந்தமையால் 1796-இல் அனைத்தையும் கைவிட்டுச் சென்றார்கள். நிக்கோபாரின் கதையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. அது தொடங்கிய இடம் நம் தரங்கம்பாடி. அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த டேனியர் 1750-களில் கப்பலேறி நிக்கோபாரில் குடியேற முயன்றனர். காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. 1768-இல் மொரேவியன் சபையைச் சேர்ந்த பாதிரிமார் தரங்கம்பாடியிலிருந்து நன்கவுரிக்கு வந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம், ஒருவர் மாய்ந்தால் அவ்விடத்துக்கு இன்னொருவர் வருவதும் அவரும் மாய்வதுமாகக் கழிந்தது. இறுதியில் எஞ்சியவர் திரும்பிப் போனார்கள். தரங்கம்பாடிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் டேனியர் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்; அக்கோட்டையிலிருந்து நம் தீவுகளுக்குக் கிளம்பிய இந்தச் சாவு ஊர்வலத்தை நினைப்பவர் இலர்.

1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்பவர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். முந்திய ஆண்டின் புரட்சியில் பிடிபட்டோரை அடைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கண்காணிப்பாளராக வந்தவர் ஒரு மருத்துவர் என்பதைக் கருதுக. ஜூன் நடுப்பகுதிக்குள் வந்து சேர்ந்த கைதிகள் 773 பேர். அவர்களுள் மருத்துவமனையில் இறந்தோர் 64 பேர். தூக்கிலிடப்பட்டோர் 87 பேர். தலைமை மருத்துவரே தலைமைச் சிறை அதிகாரியுமாக இருந்த இடத்தில் காய்ச்சலைக் காட்டிலும் கயிறு கொன்றவர் தொகை மிகுதி. இந்த இரட்டை வேடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே வேர்.

இனிக் கொயினாவின் கதைக்கு வருவோம். தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை குளிர்காய்ச்சலைத் தணிக்கும் என்பதை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1820-இல் பாரிசு நகரத்துப் பெலத்தியே, கவாந்து என்னும் இரு வேதியியலாளர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். மரத்தை இந்தியாவிலேயே வளர்க்க வேண்டும் என்று அரசாங்கத்தார் விரும்பினர். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் பெருநாட்டுக்குச் சென்று கன்றும் விதையும் திரட்டினார். உதகமண்டலத்தில் தோட்டக்கலை வல்லுநராயிருந்த மக்கைவர் 1860-களின் தொடக்கத்தில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்துக் காட்டினார். அத்தோட்டங்களில் உழைத்தவருள் மலாய்த் தீபகற்பத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. ஆகவே கைதியின் உழைப்பில் விளைந்த பட்டை, மருந்தாகிக் கைதியின் வாய்க்கே போய்ச் சேர்ந்த காலம் அது.

பிற்காலத்தில் ஆனைமலையிலும் சிங்கோனா பயிராயிற்று. வால்பாறைப் பக்கத்தில் ‘சிங்கோனா’ என்றே ஓர் ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. மரம் போய்த் தேயிலை வந்துவிட்டது, பெயர் போகவில்லை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் அத்தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அதே ஒப்பந்தத்தின்கீழ்த் திரும்பியவருள் சில குடும்பத்தார் நம் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர் என்பதைச் சங்கத்தின் பழைய உறுப்பினர்கள் அறிவார்கள்.

சிங்கோனாப் பட்டையில் இருப்பது கொயினா ஒன்று மட்டும் அன்று. கொயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என வேறு மூன்று சத்துகளும் உண்டு. தூய கொயினாவைப் பிரித்தெடுப்பது செலவு மிக்க வேலை. மற்றவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று அரசாங்கத்தார் எண்ணினர். 1866-இல் சென்னையில் அமைந்த ஒரு குழு இந்நான்கையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மலிவான மூன்றும் காய்ச்சலைத் தணிப்பதில் கொயினாவுக்கு மிகவும் பின்தங்கியவை அல்ல என்று அறிவித்தது. அதன் பயனாக, எல்லாச் சத்தும் கலந்த மலிவான ‘சிங்கோனாக் கலவை’ 1870-களில் வங்காளத்து டார்ஜிலிங் மலைப் பகுதியில் பெருமளவில் தயாராயிற்று. ஏழைகள் நிறைந்த நாட்டுக்கு மலிவான மருந்து வேண்டியதுதான். அதைக் குறை கூறுவதற்கில்லை. பின்னர் 1892 முதல் வங்காளத்து அஞ்சல் நிலையங்களில் ஒரு பைசாவுக்கு ஒரு கொயினாப் பொட்டலம் விற்றது ஏழைகளுக்குப் பேருதவி என்றே சொல்லவேண்டும்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை உண்டு. கொயினா உடலில் மிகுந்தால் காதில் இரைச்சல் கேட்கும். வண்டு ரீங்கரிப்பதுபோல் முதலில் மெல்லத் தொடங்கிப் பின் காது மந்தமாகும். தலை சுற்றும், குமட்டும், பார்வை மங்கும். அளவு மேலும் மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இக்குறிகளின் தொகுதிக்கு மருத்துவ நூலார் மரத்தின் பெயரையே இட்டுச் ‘சிங்கோனிசம்’ என்கின்றனர். கலப்பு மருந்தில் வாந்தியும் குமட்டலும் இன்னும் அதிகம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காதிரைச்சலை அளக்கக் கருவி கிடையாது. வெப்பமானி காய்ச்சலைச் சொல்லும். விரல் நாடியைச் சொல்லும். காதில் கேட்கும் வண்டைப் பற்றிச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே. எனவே கொயினா கொடுப்பவர்க்கு நோயாளியின் வாய்ச்சொல்லே அளவுகோல். ‘காது இரைகிறதா?’ என்று கேட்பதும், ‘ஆம்’ என்றால் நம்புவதும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் முறையாகும்.

அந்தமானில் நடந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தண்டனைக் குடியிருப்பில் இந்தச் சிங்கோனா மருந்தைச் சோதனையாகக் கைதிகளுக்குக் கொடுத்தனர். பழைய ஆவணங்களை ஆராய்ந்து இரண்டு எழுத்தாளர்கள் 2001 ஜூனில் இலண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் எழுதிய கட்டுரை, அம்மருந்து கட்டாயமாகப் புகட்டப்பட்ட கைதிகள் பத்தாயிரம் பேர் என்று கூறுகிறது. கடுமையான குமட்டலும், பேதியும், மனச்சோர்வும் அவர்களைப் பற்றின என்றும், அத்துன்பம் தாளாது கைதிகள் ஒருவரையொருவர் காயப்படுத்தத் தலைப்பட்டனர் என்றும், அதற்கு மறுமொழியாக உணவுக் குறைப்பும் கசையடியும் வந்தன என்றும் அக்கட்டுரை சொல்லிச் செல்கிறது.

இச்செய்தியைப் படித்தபோது நம் நெஞ்சில் தைத்தது பத்தாயிரம் என்ற எண் அன்று. மருந்தின் தீங்கைக் காட்டும் குறியை, ஒழுங்கீனத்தின் குறியாகப் படித்தார்களே, அதுதான். குமட்டுகிறது என்றவன் வேலைக்குக் கள்ளம் செய்கிறான். சோர்ந்து உட்கார்ந்தவன் கீழ்ப்படிய மறுக்கிறான். அவனுக்கு மருந்து கசையடி. மருந்தூட்டுபவரும் தண்டிப்பவரும் ஒருவராய் இருக்கும் இடத்தில் நோயாளியின் சொல் செல்லாக்காசாகிவிடுகிறது. செல்லுலார் சிறையில் பின்னாளில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் எழுதிய நினைவுக் குறிப்புகளிலும், நோய் என்று முறையிட்டவனை ‘நடிக்கிறான்’ என்று விரட்டிய செய்திகள் வருகின்றன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்கைதிகளுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதையே அன்று ஒருவரும் அறியார். கெட்ட காற்றினால் வருவது என்று எண்ணினர். 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் நோய்க்கிருமியைக் கண்டார். அதன்பின் கிறிஸ்டோபர்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் இத்தீவுக்கு வந்து ஆராய்ந்து 1912-இல் அறிக்கை வெளியிட்டார். கடலோர உவர்நீர்ச் சதுப்புகளில் பெருகும் ஒருவகை அனாபிலிஸ் கொசுவே இங்கே மலேரியாவைப் பரப்புகிறது, சதுப்பை அடுத்த குடியிருப்புகளில்தான் நோய் மிகுதி என்று அவர் காட்டினார். சதுப்பை நிரப்பியிருந்தால் தீரக்கூடிய கேட்டுக்குக் கைதியின் வயிற்றை நிரப்பினார்கள்.

இனி 1933-க்கு வருவோம். அட்லாண்டா முனையில் செல்லுலார் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிந்தது. நடுவே ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு சிறகுகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை. 1930-களில் வங்காளம், பஞ்சாப் முதலிய மாகாணங்களின் புரட்சியாளர்கள் இங்கே அனுப்பப்பட்டனர். மனிதர் உண்ணத்தக்க உணவு, அறையில் விளக்கு, படிக்க நூல் ஆகியவற்றைக் கேட்டு அவர்கள் 1933 மே மாதத்தில் உண்ணாநோன்பு தொடங்கினர். சில நாட்களில் அதிகாரிகள் கட்டாயமாக உணவூட்டத் தொடங்கினர். ஆட்கள் கைகால்களைப் பிடித்து அழுத்திக்கொள்ள, மூக்கின் வழியே குழாய் இறங்கியது. இலாகூர்ச் சதி வழக்கில் பகத்சிங்குடன் குற்றம் சாட்டப்பட்ட மகாவீர் சிங் திமிறினார். பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போயிற்று. மே 17-ஆம் நாள் அவர் இறந்தார். அதன்பின்னும் குழாய் நிற்கவில்லை. மோகன் கிஷோர் 26-ஆம் நாளும், மோகித் மைத்ரா 28-ஆம் நாளும் நுரையீரல் அழற்சியால் மாண்டனர். அவர்களின் உடல்களைக் கல்கட்டிக் கடலில் போட்டுவிட்டார்கள் என்று உடனிருந்தோர் வழிவந்த செய்தி.

இவ்வபாயம் அதிகாரிகளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரிந்ததே. 1917 செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தாமஸ் ஆஷ் என்னும் விடுதலை வீரர், சிறையில் கட்டாய உணவூட்டலுக்கு ஆளானபின் மருத்துவமனையில் இறந்தார். அதனை விசாரித்த சான்றாயர் குழு, அம்முறை மனிதத்தன்மையற்றது என்று வெளிப்படையாகக் கண்டித்தது. 1929-இல் இலாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் உண்ணாநோன்பிருந்தபோது, மூக்குக் குழாயின் வழியே ஊற்றிய பால் நுரையீரலில் புகுந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. 63-ஆம் நாள், செப்டம்பர் 13-இல் அவர் மாண்டபோது நாடே அழுதது. நான்காண்டு கழியுமுன் அதே குழாய், அதே பால், அதே பிழை. ஒருமுறை நேர்ந்தால் விபத்து எனலாம். பன்னிரண்டே நாட்களுக்குள் ஒரே சிறையில் மும்முறை நேர்ந்ததை எப்பெயரிட்டு அழைப்பது?

பால் எவ்வாறு கொல்லும் என்ற கேள்விக்கு இப்போது விடை காண்போம். நம் தொண்டையின் அடியில் இரு வாயில்கள் அருகருகே உள்ளன. முன்னே இருப்பது மூச்சுக்குழல். பின்னே இருப்பது உணவுக்குழல். நாம் எதையேனும் விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் தானாகவே மூடிக்கொள்கிறது. உணவு பின்வழியே இறங்குகிறது. பேசும்போதும், கத்தும்போதும், மூச்சிரைக்கும்போதும் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. சாப்பிடும்போது பேசாதே என்று பாட்டிமார் அதட்டுவது இதனால்தான். மூக்கின் வழியே வரும் குழாய் தொண்டைக்கு வந்ததும் எந்த வாயில் திறந்திருக்கிறதோ அதில் நுழைகிறது. நோயாளி விழுங்கினால் வயிற்றுக்குப் போகும். அவன் கத்தித் திமிறிக்கொண்டிருந்தால் நுரையீரலுக்குப் போகும்.

செவிலியர் பயிற்சியில் இது முதற்பாடம். குழாய் செலுத்தும்போது நோயாளியை நிமிர்ந்து உட்கார வைக்கிறார்கள். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரையும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரையும் குழாயை வைத்து நீளத்தை அளந்து அடையாளமிடுகிறார்கள். குழாய் தொண்டையை எட்டியதும், ‘இப்போது விழுங்குங்கள்’ என்று சொல்லி, விழுங்கும் ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக உள்ளே செலுத்துகிறார்கள். ஆகவே நோயாளியின் இசைவு வெறும் மரியாதைச் சடங்கு அன்று. குழாய் சரியான வழியில் போவதற்கு அதுவே துணை. இசையாதவனுக்கு ஊட்டுவது அறத்திற்கு மட்டுமின்றி உடற்கூற்றுக்கே மாறானது. செல்லுலார் சிறையில் நால்வர் பிடிக்க ஒருவர் குழாய் செலுத்தியபோது உணவு போகும் வழியை அவர்கள் கையாலேயே அடைத்தார்கள்.

குழாய் இறங்கியவுடன் பாலூற்றிவிடுவதும் இல்லை. ஊசிக்குழலால் உள்ளேயிருந்து சிறிது நீரை இழுத்து, தாளில் வைத்து அதன் புளிப்பைச் சோதிக்கிறார்கள். இரைப்பை நீராயின் புளிப்பு மிக்கிருக்கும். ஐயம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உணவு. காற்றை ஊதி வயிற்றில் காதுக்குழல் வைத்துக் கேட்கும் பழைய முறையை மட்டும் நம்பக்கூடாது என்று இப்போது கற்பிக்கிறார்கள். நுரையீரலில் ஊதினாலும் அதேபோன்ற ஓசை கேட்கக்கூடும். இருமலோ, மூச்சுத்திணறலோ, உதடு நீலம் பாய்தலோ கண்டால் அக்கணமே குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் இருமவும் மாட்டார். அவரிடத்தில் கவனம் இரட்டிப்பு.

மருந்தூட்டலில் செவிலியர் ஓதும் ஐந்து சொற்கள் உண்டு: சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். 1933-இல் தவறியது வழி. அதற்கு முந்திய நூற்றாண்டில் கைதிகளிடம் தவறியது அளவு. இந்த ஐந்தின் பின்னும் ஆறாவதாக ஒன்று நிற்கிறது. நோயாளி மறுக்கும் உரிமை. 1975-இல் டோக்கியோ நகரில் கூடிய உலக மருத்துவச் சங்கம், தெளிந்த அறிவோடு உண்ண மறுக்கும் கைதிக்கு மருத்துவர் செயற்கையாக ஊட்டக்கூடாது என்று அறிவித்தது. மகாவீர் சிங் மாண்டு 42 ஆண்டுகள் கழித்து வந்த அறிவிப்பு.

சிறையின் ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1979 பிப்ரவரி 11-இல் அது தேசிய நினைவுச் சின்னமாயிற்று. இடிந்துபோன சிறகுகளின் வளாகத்தில் எழுந்திருப்பது யாது? 1963-இல் நிறுவப்பட்ட கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. நம் குழந்தைகள் பலர் பிறந்ததும், நம் பெரியவர்கள் பலர் கண்மூடியதும் அங்கேதான். போர்ட் பிளேர் என்று நாம் பழகிய ஊர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் பெற்றது, ஆயினும் ‘ஜி.பி. பந்த்’ என்றால் ஆட்டோக்காரர் வேறு கேள்வி கேட்பதில்லை. குழாயால் மூவர் மாண்ட வளாகத்திலேயே இன்று குழாயால் உயிர்கள் பிழைக்கின்றன. குழாய் மாறவில்லை, பிடிக்கும் கை மாறியது.

சோதனை மருந்தின் நிலையும் மாறியது என்பதற்கு இத்தீவிலேயே ஒரு சான்று. 1980-களின் இறுதியிலிருந்து அந்தமானில் எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் பெருந்தொல்லை கொடுத்தது. வயலிலும் சேற்றிலும் உழைப்போரை அது மிகவும் தாக்கியது. இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தை முன்னரே உண்டால் நோய் தடைப்படுமா என்று வட அந்தமானில் 700-க்கு மேற்பட்டோரிடம் ஆராய்ந்து 2000-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு மருந்து. மறு சாராருக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. கிருமி தொற்றுவதை மருந்து தடுக்கவில்லை, ஆனால் நோயாக வெளிப்படுவது குறைந்தது என்று கண்டனர். வெற்றியையும் குறையையும் சேர்த்தே சொன்னார்கள். இன்று ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் சம்மதம் பெறுவது கட்டாய விதி. பத்தாயிரம் கைதிகளிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

செவிலியர் என்றவுடன் இத்தீவில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் சாந்தி தெரசா லக்ரா. சிறிய அந்தமானின் டுகாங் க்ரீக்கில் ஓங்கே மக்களிடையே துணைச் செவிலியராகப் பணிசெய்தவர். 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோதும் அம்மக்களோடு காட்டிலேயே தங்கியவர். 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வெளியாரின் மருந்தை ஐயத்தோடு நோக்கும் ஒரு சிறு குலத்தாரிடம் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன் நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் குழாய் உதவாது; பேச்சும் பொறுமையும்தான் உதவும்.

நம் வீடுகளைப் பற்றியும் ஓரிரு சொல் கூறாமல் முடிக்க மனம் வரவில்லை. கடல் கடந்து வாழும் நமக்கு மருந்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று இங்குள்ள மருத்துவர் எழுதித் தருவது. மற்றொன்று சென்னைக்குப் போய்வரும் உறவினர் பையில் வருவது. ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இரண்டு அட்டைகளாக வீட்டில் கிடக்கும். பெரியவர் இரண்டையும் விழுங்கிவிடுவார். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியாமல் இரட்டிப்பு அளவு உண்டு, கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர் உண்டு. குழாயில் உணவு கொள்ளும் முதியவர் வீட்டில் இருந்தால் எல்லா மாத்திரையையும் இடித்துக் கரைத்து ஊற்றிவிடக்கூடாது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவற்றை இடித்தால் ஒரு நாளைக்குரிய மருந்து முழுதும் ஒரே சமயத்தில் உடலில் இறங்கிவிடும்.

மலேரியா குறைந்திருந்தாலும் நம் தீவுகளைவிட்டு நீங்கிவிடவில்லை. ஒருவகை மலேரியாவுக்குப் பிரைமாகுயின் என்னும் மாத்திரையைப் பதினான்கு நாள் கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதனைக் கொடுப்பதில்லை. சிலருடைய இரத்தத்தில் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாயிருக்கும். அவர்கள் இதை உண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும். அவ்வாறு கண்டால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ‘மருந்து வேலை செய்கிறது’ என்று வீட்டில் காத்திருக்கக்கூடாது. மருந்தால் விளைந்த தீங்கைத் தெரிவிப்பதற்கென்றே 2010 முதல் நாடளாவிய ஓர் அரசாங்க ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர், செவிலியர் மட்டுமன்றி நோயாளியும் அதில் எழுதித் தெரிவிக்கலாம். நோயாளியின் சொல்லைக் கள்ளம் என்று தள்ளாமல், பதிவு செய்து எண்ணிப் பார்க்கிறார்கள்.

இரவு வேளையில் நோயாளிக்குத் துணையாக வார்டில் உட்கார்ந்திருந்தவர் நம்மில் எத்தனையோ பேர். வெளியே கடல் இரையும். செவிலியர் விளக்கோடு வந்து கட்டிலில் எழுதியிருக்கும் பெயரை வாசிப்பார்; அதோடு நில்லாமல், ‘உங்கள் பெயர் என்ன?’ என்று நோயாளியையும் கேட்பார். பெயர்தான் எழுதியிருக்கிறதே, ஏன் கேட்கிறார் என்று நமக்குச் சிறிது சலிப்புத் தட்டும். அவர் கேட்பார், இந்தியிலோ, வங்காளத்திலோ, தமிழிலோ பதில் வரும், பிறகே மாத்திரை உறையிலிருந்து வெளிவரும். மூக்குக் குழாய் செலுத்த வேண்டியிருந்தால், தலையணையை நிமிர்த்தி வைத்து, குழாயின் நுனியை நீரில் நனைத்துக்கொண்டு, ‘ஐயா, நான் சொல்லும்போது விழுங்குங்கள், முடியவில்லையென்றால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்’ என்பார்.